வினையும் அதனைக் கூட்டுவிப்பானும்

திருச்சிற்றம்பலம்



தென்பாண்டி நாட்டிலே, இந்நாளில் விருதுநகர் மாவட்டம் என வழங்கும் கரிசற் பகுதியிலே, காசியின் பெயரைத் தாங்கி நிற்பதோர் ஊர் உளது. அது சிவகாசி. 15ஆம் நூற்றாண்டில் தென்காசியினின்று ஆண்ட அரிகேசரி பராக்கிரம பாண்டியன் காசிப்பதியிலிருந்து ஒரு சிவலிங்கத் திருமேனியைக் கொணர்ந்தான் என்றும், வழியில் இளைப்பாறிய இடத்தே அதனைத் தாங்கி வந்த பசு மேற்செல்ல மறுத்து நின்றது என்றும், பெருமான் திருவுளம் அதுவாயின் அவ்வாறே ஆகுக என அரசன் அங்கேயே விசுவநாதரை எழுந்தருளுவித்தான் என்றும் தலவரலாறு கூறும்.

அவ்வூரை நினைக்குந்தோறும் மற்றொன்றும் நம் நினைவிற்கு வருதல் வேண்டும். விசுவநாதப் பெருமான் வீற்றிருக்கும் வடகாசிக்கு அணித்தே இசிபதனம் என்னும் மான்வனம் உளது. இன்று அதனைச் சாரநாதம் என்பர். கௌதம புத்தர் தாம் கண்ட அறத்தை முதன்முதலாக ஐவர்க்கு எடுத்தோதியது அவ்விடத்தேயாம். பின்னர் அவர் உருவேலைக்குச் சென்று, தீயை வழிபட்டு வந்த காசிபர் மூவரையும் அவர்தம் மாணாக்கராகிய சடிலர் ஆயிரவரையும் தம் நெறிப்படுத்திக் கயாசீசம் என்னும் குன்றின்கண் அவர்க்கு ஓர் அறவுரை அருளினார். கண் முதலாய பொறிகளும் அவற்றாற் கொள்ளப்படும் புலன்களும் விருப்பு, வெறுப்பு, மயக்கம் என்னும் முத்தீயால் ஓயாது எரிந்துகொண்டிருக்கின்றன என்பதே அவ்வுரையின் சாரம். தீயைத் தொழுதோர்க்குத் தீயைக் கொண்டே உரைத்தார். தீயையே தொழிலாகக் கொண்ட நம் சிவகாசியை முன்வைத்து அவ்வுரையையும், அதனோடு நம் சித்தாந்தம் எங்கே கூடி எங்கே பிரிகின்றது என்பதையும் ஆராய்வது இக்கட்டுரையின் கருத்தாகும்.

சிவகாசி தீயின் ஊரானது பழங்காலத்தன்று. மழை பொய்த்த கரிசற் பூமியில் உழவு ஒன்றையே நம்பி வாழ்தல் அரிதெனக் கண்டு, அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் 1922ஆம் ஆண்டிற் கல்கத்தாவுக்குச் சென்று தீக்குச்சி செய்யும் தொழிலைப் பயின்று மீண்டனர். அதன்பின் எழுந்த தீப்பெட்டிச் சாலைகளை அப்பகுதி மக்கள் ‘தீப்பெட்டி ஆபீசு’ என்றே வழங்குவர். தீப்பெட்டியை அடுத்துப் பட்டாசும், பெட்டிக்கு ஒட்டும் படத்தின் பொருட்டு அச்சுத் தொழிலும் பெருகின. (தெய்வத் திருவுருவங்களைப் பட்டாசின் மேல் அச்சிட்டுப் பின் அவற்றைத் தெருவிலே சிதறடிக்கும் வழக்கம் சைவர்க்கு ஒவ்வாதது, அதனை வேறொரு சமயம் விரிப்போம்.) ஆயிரம் பதினாயிரம் குடும்பங்கட்கு அத்தொழில் சோறிட்டது. அதுவே உயிரையும் உண்டது. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடியில் 30க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருள் உதவச் சென்றோரும் பார்க்கச் சென்றோரும் உண்டு. 2021 பிப்ரவரி 12இல் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்திலும் பலர் மாண்டனர். மணிமருந்து கலக்குங்கால் உராய்வு நேர்ந்தது என்று செய்தித்தாளில் ஒரு வரி வரும்; ஆண்டுதோறும் வரும்.

அத்தகைய சாவு வீட்டிலே பெரியோர் ஒருவர் துண்டை உதறித் தோளிலிட்டுக்கொண்டு, “எல்லாம் அவரவர் வினை” என்று சொல்லக் கேட்கின்றோம். கூறுவோர் நெற்றியில் திருநீறு இருத்தலும் உண்டு. இச்சொல் சைவமா? சைவமாயின் எவ்வளவு சைவம்? இதற்கு விடை காணப் புகுவோர்க்குப் பௌத்தத்தோடு நம் முன்னோர் செய்த வாதம் இன்றியமையாத் துணையாகும்.

முதற்கண் இரு சமயங்களின் தோற்றம் பற்றிச் சிறிது கூறுதும். ‘இந்து’ என்னும் பெயர் வேதத்திலும் இல்லை; ஆகமத்திலும் இல்லை; திருமுறையிலும் இல்லை. சிந்து நதியின் பெயரைப் பாரசீகர் தம் நாவிற்கேற்ப ஒலித்தமையால் வந்த இடப்பெயர் அது, பின்னாளில் சமயப்பெயராயிற்று. அப்பெயருள் அடங்கும் நெறிகள் பல. அவற்றுட் சைவத்திற்கு இன்னாரே தொடங்கினார் என ஒருவரைச் சுட்டுதல் இயலாது. மொகஞ்சதாரோவில் அகழ்ந்தெடுத்த முத்திரை ஒன்றைப் பசுபதி என்று மார்சல் என்பார் கொண்டதைச் சிலர் பெரிதாக எடுத்தோதுவர். அவ்வெழுத்தே இன்னும் படிக்கப்படாதிருக்க, அதன்மேல் மாளிகை எழுப்புதல் நமக்கு வேண்டுவதன்று. வேதம் பொது, ஆகமம் சிறப்பு, இரண்டும் இறைவன் நூல் என்னும் திருமூலர் கொள்கையே நமக்குப் போதிய அடிப்படையாம்.

பௌத்தமோ ஒருவரால் தோன்றியது. சாக்கியர் குலத்துத் தோன்றிய சித்தார்த்தர் தம் 29ஆம் வயதில் மனைவியையும் மகனையும் துறந்து, 35ஆம் வயதிற் கயையில் போதி நீழலில் ஞானம் பெற்று, 80ஆம் வயதிற் குசிநகரத்தே உடல் நீத்தார் என்பது பௌத்தர் மரபு. அவர் பிறந்த உலும்பினியில் அசோகன் நாட்டிய தூண் 1896இல் கண்டறியப்பட்டது. துன்பம், அதன் தோற்றம், அதன் நீக்கம், நீக்கத்திற்குரிய எண்வகை நெறி என நான்கு வாய்மைகளை அவர் வகுத்தார். பேதைமையிலிருந்து செய்கையும், செய்கையிலிருந்து உணர்வும் எனப் பன்னிரு சார்புகள் ஒன்றையொன்று பற்றி எழுந்து பிறவிச் சக்கரம் சுழல்வதைக் காட்டினார். இவற்றைத் தமிழ்ப்படுத்தி நிறுத்திய நூல் மணிமேகலை. அதனை 1898இல் உ. வே. சாமிநாதையர் அச்சேற்றியதனாலன்றோ நாமும் இன்று தமிழ் மொழியிற் பௌத்தம் பேசுகின்றோம்! நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைச் சிவபாதசேகரனாகிய இராசராச சோழன் வழங்கிய செய்தி செப்பேட்டில் உளது. வாதம் கடுமையாக நிகழ்ந்த நாட்டிலேயே இக்கொடையும் நிகழ்ந்தது.

இனி அவ்வாதத்தின் உயிர்நிலையைக் காண்போம். அதனைக் காட்டுதற்கு நமக்கு வாய்த்தவர் சாக்கிய நாயனார். சங்கமங்கையில் வேளாளர் குடியிற் பிறந்து, பிறவியை ஒழிக்கும் வழி தேடிக் காஞ்சி சென்று, சாக்கியர் நூலைக் கற்று, சாக்கியர் கோலமும் பூண்டவர் அவர். பௌத்தத்தை வெளியே நின்று பழித்தவரல்லர். உள்ளே புகுந்து கற்றவர். அங்ஙனம் கற்றபின் அவர் துணிந்தது யாது எனச் சேக்கிழார் பெருமான் கூறுகின்றார். வினை, அதனைச் செய்வான், அதன் பயன், பயனைச் செய்தவனிடத்துச் சேர்ப்பான் என நான்கு உள. இந்நான்கினையும் ஒருங்கே கொண்ட நெறி சைவம் ஒன்றே என்பது அவர் துணிபு. பௌத்தம் வினையைக் கொள்ளும், பயனைக் கொள்ளும். நிலைத்த செய்வானையும் கொள்ளாது, சேர்ப்பானையும் கொள்ளாது. பதினான்கு சமயங்களை மறுக்கப் புகுந்த சிவஞான சித்தியார் பரபக்கத்தில் உலகாயதனை அடுத்து நிற்கும் சௌத்திராந்திகன், யோகாசாரன், மாத்தியமிகன், வைபாடிகன் என்னும் நால்வரோடும் நிகழும் வாதம் முழுவதும் இவ்விரண்டிலே வந்து அடங்கும் எனலாம்.

செய்வான் ஒருவன் வேண்டாமை பற்றிப் பௌத்தர் காட்டும் உவமை விளக்கு. மாலையில் ஏற்றிய விளக்கு விடியுமளவும் எரிகின்றது. முதற் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றா? அன்று, எண்ணெயும் திரியும் கணந்தோறும் மாற, சுடரும் கணந்தோறும் புதிது. வேறா? அதுவுமன்று, ஒரே விளக்கின் தொடர்ச்சி. உரு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்னும் ஐங்கந்தங்களின் தொடர்ச்சியே மனிதன். அவற்றிற்கு அப்பால் ‘ஆன்மா’ என ஒன்றில்லை என்பர். இவ்வுவமை எளிதிற் புறக்கணிக்கத் தக்கதன்று. நம் சபைகளிலே இதனை நகையாடிக் கடந்து விடுவோர் இதன் வலிமையை உணராதாரே.

மெய்கண்ட தேவர் நகையாடவில்லை. சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரத்தில் அவர் ஒவ்வொரு பொருளாக எடுத்து ஆராய்கின்றார். எல்லாவற்றையும் ‘இல்லை, இல்லை’ என்று கழித்து நிற்கும் அவ்வறிவு எது? ‘என் உடல்’ எனத் தன்னின் வேறாகச் சுட்டுவது எது? ஐம்பொறியும் ஒன்றன் செய்தியை ஒன்று அறியாதிருக்க, ஐந்தையும் கூட்டி அறிவது எது? கனவில் ஒடுங்கிய பொறிகள் நனவில் விரிந்தபோது ‘யானே கண்டேன்’ என்பது எது? உறக்கத்தில் உண்டியும் செயலும் அற்றுக் கிடந்து மீள்வது எது? உணர்த்தினால் உணர்வது எது? விளக்கின் முதற் சுடர் கடைச் சுடரை அறியாது. கடைச் சுடர் முதற் சுடரை நினையாது. இரண்டும் ஒரு தொடர்ச்சி எனக் கண்டவன் விளக்கின் புறத்தே விழித்திருந்தவனன்றோ? முன்னைக் கணத்தின் பதிவு பின்னைக் கணத்திற் பதியும் என அவர் விடை கூறுவர். ஏட்டில் எழுத்துப் பதியும். ஏடு தன்னைத் தானே படித்தல் இல்லை என்பது நம் மறுமொழி.

ஆயினும் ஒன்றைக் கூறுதல் நேர்மை. உடல் யான் அன்று, பொறி யான் அன்று, மனம் யான் அன்று எனத் தத்துவம் முப்பத்தாறையும் கழித்து வரும் தொழிலிற் சித்தாந்தியும் பௌத்தரும் நெடுந்தூரம் ஒரே வழிச் செல்வர். எல்லாம் கழித்தபின் எஞ்சுவது ஒன்றுமில்லை என்பர் அவர். எஞ்சுவது ஆன்மா என்போம் நாம். அங்ஙனம் எஞ்சிய ஆன்மாவையும் தானே அறியும் தனிமுதல் என நாம் கூறுவதில்லை. சார்ந்ததன் வண்ணமாய் நிற்பது, சதசத்து, ஒளியிடை ஒளியும் இருளிடை இருளுமாம் கண் போல்வது என்றே கூறுகின்றோம். தன்னைத் தானே பற்றி நிற்கும் பெருமிதமுடைய ‘நான்’ ஒன்று உண்டு என்பதைப் புத்தர் மறுத்தாராயின், அதனை ஆணவம் எனப் பெயரிட்டு நாமும் மறுக்கின்றோம். வச்சகோத்தர் என்பார் ஆன்மா உண்டோ இல்லையோ என வினாவியபோது புத்தர் வாய் திறவாதிருந்தார் என்று பாளி நூல் கூறும். 1881இல் தோன்றிய பாளி நூற்கழகத்தார் அந்நூல்களை ஒழுங்காக அச்சிட்டமையால் இன்று இவற்றை யாவரும் அறியலாம். அம்மௌனத்தை ‘இல்லை’ என்று மொழிபெயர்த்தவர் பின்வந்தோரே என யாம் கருதுகின்றோம். பரபக்கம் மறுப்பது அப்பின்வந்தோர் நால்வரையே என்பதை நம் மாணாக்கர் மறவாதிருத்தல் நன்று.

அடுத்தது சேர்ப்பான். விதை தானே முளைக்கும். விதைத்தவனையும் அரசனையும் அது கேட்பதில்லை. அதுபோல வினையும் தானே பயன் தரும் என்பர் பௌத்தர். விதை இட்ட நிலத்திலே முளைக்கின்றது. வினையோ செய்த இடத்தே அழிந்து, வேறோர் உடலில், வேறோர் ஊரில், வேறோர் காலத்திற் பயனாய் வருகின்றது. இவனுக்கு இவ்வளவு, இப்போது, இவ்வழியால் என்று அறிந்து கூட்டுவதற்குச் சடமாகிய வினைக்கு அறிவில்லை. கட்டுண்ட உயிர்க்கு ஆற்றலில்லை. ஆதலின் கூட்டுவிப்பான் ஒருவன் வேண்டும். அவன் கூட்டுவது பகையாலன்று; புண்ணை அறுக்கும் மருத்துவன் கைபோல மலத்தின் வலியைக் கெடுத்தற்பொருட்டு. இஃது இரண்டாஞ் சூத்திரத்தின் பொருள்.

மெய்யன்பர்காள்! இங்கேதான் யாம் சாவு வீட்டிற் கேட்ட சொல்லுக்குத் திரும்பி வருகின்றோம். “அவரவர் வினை” என்று சொன்ன பெரியவர் எதனைச் செய்தார்? சேர்ப்பானுக்கு உரிய அறிவைத் தமக்கு உரியதாக்கிக் கொண்டார். இத்துன்பம் இன்ன வினையின் பயன், இவனுக்கு இது தக்கதே என அளந்து கூறும் இருக்கை ஒன்றே. அதில் வீற்றிருப்பவன் சிவபெருமான். அங்கே நம்மவர் ஏறி அமர்ந்தால் அது சைவமாகாது.

இதிலே புத்தர் நம்மவர் பலரினும் கூர்மையாகப் பேசியுள்ளார். மோளிய சீவகர் என்னும் துறவி, மக்கள் நுகர்வன யாவும் முன்வினையாலேயே என்போர் கொள்கை எத்தகையது என வினவ, அவர் எட்டுக் காரணம் எண்ணினார்: பித்தம், ஐ, வளி, இம்மூன்றன் கலப்பு, பருவ மாறுதல், தகாத ஒழுகலாறு, பிறர் செய்யும் தாக்குதல், வினைப்பயன். எல்லாம் வினையே என்போர் தாமே அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் கடந்து பேசுகின்றனர் என முடித்தார். நம் நூல்களோ பிராரத்தம் ஆதியான்மிகம், ஆதிபௌதிகம், ஆதிதைவிகம் என மூவழியால் வந்து பொருந்தும் என்னும். அவர் வேறு காரணம் என எண்ணியவற்றை நாம் வினை வரும் வாயில்கள் என்கின்றோம். சாத்திர அளவில் நம் கொள்கையே முழுமையுடையது என்பது எம் துணிபு. ஆனால் அக்கொள்கையிற் பாதியை மட்டும் எடுத்துப் பேசினால் அது பௌத்தர் மறுத்த பிழையினும் பெரும்பிழையாய் முடியும்.

மறைக்கப்பட்ட அப்பாதி ஆகாமியம். ஓர் அறையில் இத்தனை பேரே இருத்தல் வேண்டும், இவ்வளவு மருந்தே இருத்தல் வேண்டும், அறைக்கும் அறைக்கும் இவ்வளவு இடைவெளி வேண்டும் எனச் சட்டம் வரையறுத்துள்ளது. தீபாவளி நெருங்குகின்றது என அவ்வரையறையை மீறி ஆள் சேர்த்தவன், இறந்தவர் பிராரத்தத்திற்குத் தான் வாயிலாக நின்றேன் என்று தப்புதல் சித்தாந்தத்தில் இல்லை. அவன் செய்தது அவன் ஆகாமியமாய், சஞ்சிதமாய் அவன் கணக்கில் ஏறும். கண்டும் வாளாவிருந்த அதிகாரிக்கும் ஏறும். மலிவு விலை ஒன்றையே கேட்டு வாங்கிக் கொளுத்தி மகிழ்ந்த நமக்கும் ஒரு பங்கு ஏறாதோ என்பது ஆராயத்தக்கது. இறந்தவர் வினையை எண்ணுதற்குச் சிவபெருமான் உளன். நம் கைவினையை எண்ணுதற்கு நாமே உளோம்.

இச்சிவகாசியே மற்றொரு வகையாலும் இதற்குச் சான்று. விசுவநாதர் திருக்கோயிலுள் நாடார் பெருமக்கள் புகுந்து வழிபடுதல் தகாது எனத் தடுத்ததனால் எழுந்த பகை முற்றி, 1899 சூன் திங்களில் ஊர் கலகத்தில் எரிந்தது, உயிர்கள் மாண்டன. கமுதிக் கோயில் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1908இல் அவர்க்கு எதிராகவே முடிந்தது. 1939 சூலை 8இல் மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிற் கதவு தடுக்கப்பட்டோர்க்குத் திறந்தபோதும், பிறப்பு முன்வினைப் பயனாதலின் வெளியே நிற்றலே முறை என வாதித்தோர் இருந்தனர். சாதி பிறப்பால் அன்று, செயலால் என்று புத்தர் கூறியதை நாடி, 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையிற் சாக்கிய பௌத்த சங்கம் நிறுவினார். 1956இல் நாகபுரியில் அம்பேத்கர் இலக்கக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவினார். அவர்கள் பரபக்க வாதத்தில் நம்மை வென்று சென்றவரல்லர். திருநாளைப்போவாரைத் திருத்தொண்டர் வரிசையில் வைத்து வணங்கும் நாம் அவர்தம் மரபினரைக் கொடிமரத்தளவும் விடாதிருந்தமையே அவர் போந்த வழி. வினையைப் பிறர் தலையிற் சுமத்தும் வழக்கம் ஒரு சமயத்தை எவ்வளவு சிறுமைப்படுத்தும் என்பதற்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டா.

சாக்கிய நாயனாரிடமே மீளுவோம். வினையென்பது எண்ணமே எனப் புத்தர் கூறியதை அவர் காஞ்சியிற் கற்றிருத்தல் கூடும். சிவமே பொருள் எனத் தெளிந்த பின்னும் அவர் கோலத்தை மாற்றவில்லை. எக்கோலத்தில் இருப்பினும் சிவனை மறவாமையே பொருள் என இருந்தார். வெளியிடத்தே கண்ட சிவலிங்கத்தின்மேல் ஒரு நாள் அன்பின் மிகுதியால் அருகே கிடந்த கல்லை எடுத்து எறிந்தார். மறுநாள் அதனை நினைந்து, அவ்வாறு நேர்ந்ததும் அவன் அருளே எனக் கொண்டு, நாடோறும் ஒரு கல் எறிந்தபின்பே உண்பதை நியமமாக்கினார். பார்ப்பவர்க்குப் பௌத்தன் ஒருவன் சிவலிங்கத்தைக் கல்லால் எறிகின்றான். எறிந்த கை அறியும். ஏற்ற திருமேனி அறியும். ஒரு நாள் அதனை மறந்து உண்ணப் புகுந்தவர், “எம்பெருமானுக்குக் கல் எறிய மறந்தேனே” எனப் பதைத்து, இட்ட உணவை விட்டெழுந்து ஓடி, கல்லை எடுத்து எறிந்தார். பெருமான் உமையம்மையோடு விடைமேல் தோன்றினார். கைகூப்பி நிலத்தில் வீழ்ந்த நாயனார் உடலில் அப்போதும் இருந்தது அத்துவராடையே.

திருச்சிற்றம்பலம்